விருப்பம் எங்கிருந்து வருகிறது? போருக்குப் பின்னான உடல்களும் எமது கலியாணப் பேச்சும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் 'மணமகன் தேவை', 'மணமகள் தேவை' விளம்பரங்களை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்த்தால் எமது சமூகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஊர், சமயம், சாதி, பிறந்த ஆண்டு, நட்சத்திரம், கிரகபாவம், செவ்வாய் இருக்கிறதா இல்லையா என்பவை இரு பாலாருக்கும் பொதுவானவை. அதற்குப் பிறகு வழி பிரிகிறது. மணமகன் என்றால் தொழில், வசிக்கும் நாடு, சிற்றிசனா பி.ஆரா என்ற விபரம் வரும். மணமகள் என்றால் நிறம், உயரம், மெல்லிய தோற்றம். ஆணின் நிறத்தைப் பற்றியோ தொப்பையைப் பற்றியோ அநேகமாக ஒரு சொல்லும் இருக்காது.

அந்தப் பக்கத்தில் அரிதாகவே இடம்பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் காலுடன் நடக்கும் பெண், கன்னத்தில் எரிகாயத் தழும்பு உள்ளவர், முதுகுக்குள் இன்னமும் ஷெல் துண்டுடன் வாழ்பவர், முப்பது வயதுக்குள் கணவனை இழந்தவர். எப்போதாவது 'சிறு குறைபாடு' என்ற இரண்டு சொற்களுக்குள் இவர்களில் ஒருவர் ஒடுங்கி நிற்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால் வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "மனதுக்குப் பிடிக்கவேணுமே." யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம், அதில் சமூகம் என்ன செய்யமுடியும் என்பது அந்தப் பதிலின் பொருள். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத்தான் ஆராய்கிறது. 2009 இல் முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் சில வருடங்களில் அவர்களுக்கும் காதலும் கலியாணமும் வரும். எந்த உடல் விரும்பத்தக்கது, எது ஒதுக்கத்தக்கது என்ற பாடத்தை அவர்கள் இப்போது எங்களிடமிருந்துதான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் அழகு

ஈர்ப்பில் உடலியலுக்குப் பங்கில்லை என்று எவரும் சொல்லமுடியாது. பருவ வயதில் உடலில் சுரக்கும் ஓமோன்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நோயற்ற உடலை நாடுவதும் பொதுவானது. ஆனால் எந்தத் தோற்றம் ஆரோக்கியத்தின் அடையாளம், எது அழகு, எது அந்தஸ்து என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது பண்பாடு. அது இயற்கையாகவே நிலைபெற்றது என்றால் ஒரு தலைமுறைக்குள் மாறக்கூடாது. மாறுகிறது என்பதற்குப் பசிபிக் தீவான பிஜி நல்ல சாட்சி.

பிஜியில் நல்ல சதைப்பிடிப்பான உடல்தான் நீண்டகாலமாக மெச்சப்பட்டது. ஒருவர் உடம்பு வைத்திருந்தால் அவரை வீட்டார் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று பொருள். மெலிந்தால் ஊரே கவலைப்படும். 1995 இல் அங்குள்ள நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998 இலும் அங்குள்ள பாடசாலை மாணவிகளை ஆராய்ந்தார். முதல் ஆய்வில், உடல் எடையைக் குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வலிந்து வாந்தியெடுப்பதாகச் சொன்ன மாணவி ஒருவரும் இல்லை. மூன்று வருடங்களின் பின் நூற்றுக்கு 11 பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 74 பேர் தாங்கள் மிகவும் பருமனாக இருப்பதாக உணர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் உடல் மாறவில்லை. உடலைப் பார்க்கும் கண்தான் மூன்றே வருடத்தில் மாறியது.

குடிபெயர்வும் இதைச் செய்யும். தென்னாபிரிக்காவின் கிராமப்புற சூலு மக்கள் பருமனான பெண்ணுடலையே அழகாகக் கருதினார்கள். வறுமையும் எயிட்ஸ் நோயும் உள்ள இடத்தில் மெலிவு என்பது நோயின் அறிகுறி. பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்த சூலு மக்களிடம் அந்த விருப்பம் பிரித்தானியரின் விருப்பத்தை நோக்கி நகர்ந்திருந்ததை 2006 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், பசியோடிருந்த ஆண்கள் வயிறு நிறைந்த ஆண்களைவிடச் சற்றுப் பருமனான பெண்ணுடலை அதிகம் விரும்பினார்கள்.

எங்களுக்கு இது புதிய செய்தியல்ல. 1990களில் தமிழ்த் திரையுலகின் விருப்பத்துக்குரிய உடல் குஷ்புவினுடையது. இட்லிக்கே அவரது பெயர் வைத்தார்கள், கோயிலும் கட்டினார்கள். பதினைந்து வருடத்துக்குள் அதே இரசிகர்களின் பிள்ளைகள் ஒல்லியான இடுப்பைத்தான் அழகென்று நினைக்கத் தொடங்கினார்கள். இன்னொரு புறத்தில், எங்கள் ஊரில் நெடுநாள் கழித்துச் சந்திக்கும் அம்மா இன்றைக்கும் முதலில் கேட்பது "ஏன் பிள்ளை மெலிஞ்சு போனாய்?" என்றுதான். முள்ளிவாய்க்காலில் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு மெலிவு என்பது பசியின் ஞாபகம். அதே வீட்டில் மகள் கைத்தொலைபேசியைப் பார்த்து இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் கண் வேறு.

நிறம் என்னும் சீதனம்

பெண்ணுடல் பற்றிய எங்களுடைய எதிர்பார்ப்புகளில் மிகப் பிடிவாதமானது நிறம். "பிள்ளை நல்ல சிவலை" என்றால் பேச்சு பாதி முடிந்தமாதிரி. "பொதுநிறம்" என்று எழுதினால் அது கறுப்பு என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்.

ஆனால் தமிழின் மிகப் பழைய காதற் கவிதைகளில் நிலைமை வேறு. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகாகச் சொல்லப்படுவது மாமை, அதாவது மாந்தளிரை ஒத்த கருமை கலந்த நிறம். தலைவனைப் பிரிந்த ஏக்கத்தில் அவளுடைய மேனி வெளிறிப் போவதைப் பசலை என்றார்கள். பசலை அழகைத் தின்னும் நோயாகவே பாடப்பட்டது. மேனி வெளிறுவது அங்கே இழப்பு. இன்று காசு கொடுத்துப் பூசிக்கொள்வது ஒருவகையில் அந்தப் பசலையைத்தான்.

இந்த மாற்றத்துக்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றஞ்சொல்வது இலகு. 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை ஆண்டவர்கள் எல்லோரும் வெள்ளைத் தோலர்கள், அதிகாரத்துக்கு ஒரு நிறம் இருந்தது என்பது உண்மை. ஆனால் வெயிலில் தோட்டம் கொத்துபவர் யார், நிழலில் இருந்து கணக்குப் பார்ப்பவர் யார் என்ற பிரிவினை எங்களுக்குள்ளேயே இருந்தது. சாதியையும் உழைப்பையும் நிறத்தோடு முடிந்துவைத்தது அதுதான். பெண்ணின் வெள்ளை நிறம், 'எங்கள் வீட்டுப் பெண்கள் வெயிலுக்குப் போவதில்லை' என்ற அந்தஸ்து அறிவிப்பு.

சினிமா இதை ஆண், பெண் என்று பிரித்து உறுதிசெய்தது. ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கறுப்பாகவே நாயகர்களானார்கள். கறுப்பு அவர்களுக்கு உழைப்பின், வீரத்தின் நிறமானது. அவர்களை விரும்பும் நாயகியோ பெரும்பாலும் வெள்ளை நிறம். குஷ்பு, சிம்ரன், தமன்னா என்று மும்பையிலிருந்து வந்தவர்கள் இடத்தைப் பிடித்தார்கள். கறுத்த ஆணைப் பெண் விரும்பலாம், கறுத்த பெண்ணை ஆண் விரும்புவது கதைக்கே சரிவராது என்ற பாடம் நாற்பது வருடமாகத் திரையில் ஓடியது.

பாடம் முடியும் இடத்தில் வியாபாரம் தொடங்குகிறது. 1975 இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபெயார் அன்ட் லவ்லி' 2020 இல் உலகளாவிய நிறவெறி எதிர்ப்பு அலைக்குப் பின் 'க்ளோ அன்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் சந்தை மாறவில்லை. அதைவிட ஆபத்தானவை, முறையான பெயர்ச்சீட்டு இல்லாமல் முகநூல் வழியாகவும் சில கடைகளிலும் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் சில வாரங்களில் முகம் வெளிறும். அதே பாதரசம் தோல்வழியே இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும், கர்ப்பிணியானால் வயிற்றிலுள்ள பிள்ளையையும் தொடும். மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை முதலில் இத்தகைய பூச்சுகளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்றது. 2023 இல் அந்தச் சலுகையையும் நீக்கிப் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் தடைசெய்ய நாடுகள் உடன்பட்டன. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 'தங்க நகையில் படவிடாதீர்கள்' என்று ஒரு கிறீமின் பெட்டியில் எழுதியிருந்தால் அதில் பாதரசம் இருக்கக்கூடும். தங்கத்தை அரிக்கும் பொருளைத்தான் மகளின் கன்னத்தில் பூசுகிறோம்.

ஆணுடல்: சீருடையிலிருந்து விசா வரை

ஆணின் உடலைப் பெண் விரும்புவது பற்றி எங்கள் பேச்சுவழக்கில் அனேகமாக வார்த்தையே இல்லை. "ஆம்பிளைக்கு அழகு எதுக்கு?" என்பார்கள். அந்தக் கேள்விக்குள் இரண்டு அநீதிகள் இருக்கின்றன. பெண்ணுக்குப் பார்க்கும் கண்ணும் விருப்பமும் இருக்கிறது என்பதை அது ஏற்பதில்லை. ஆணை உழைக்கும் இயந்திரமாக மட்டும் எடைபோடுகிறது.

போர் நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வன்னியில் சீருடை அணிந்த உடலுக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. கட்டுறுதியான தோள், நிமிர்ந்த நடை, கழுத்தில் தொங்கும் குப்பி எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறையின் ஆண்மைக்கு இலக்கணமாயின. அதே உடலுக்குப் பயந்தவர்களும் இருந்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்பின் கடைசி வருடங்களில் பிள்ளைகளைக் காப்பாற்ற அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த பெற்றோர் எத்தனை பேர். அங்கே தாலி காதலின் அடையாளமாக இருக்கவில்லை, உயிர்காக்கும் பத்திரமாக இருந்தது.

2009 மேக்குப் பின் எல்லாம் தலைகீழாயிற்று. ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குச் சென்று திரும்பினார்கள். முன்பு பெண்வீட்டார் பெருமையாகப் பார்த்த அதே ஆணின் வீட்டுக்குப் புலனாய்வுப் பிரிவினர் விசாரிக்க வருகிறார்கள் என்பதால் பேச்சை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்குக் கனடா, சுவிஸ், லண்டன் மாப்பிள்ளை வந்தார். படத்தில் முகம் தெளிவில்லாவிட்டாலும் கடவுச்சீட்டுத் தெளிவாக இருந்தால் போதும். பாதுகாப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கவர்ச்சியும் போய்ச் சேர்கிறது. உயிரைக் காப்பாற்ற ஓடிய சமூகம் அப்படித் தெரிவு செய்ததைப் பழிக்கவேண்டியதில்லை. ஆனால் அதைத் தனிப்பட்ட இரசனை என்று சொல்லிக்கொள்வது பொய்.

தழும்புக்கு இரண்டு பெயர்

எல்லாவற்றிலும் கடினமான பகுதி இது. போர் எங்கள் உடல்களில் எழுதிவிட்டுப் போனதை நாங்கள் எப்படி வாசிக்கிறோம்?

ஆணின் காயத்துக்குத் தமிழில் ஒரு பெருமைமிக்க சொல் இருக்கிறது: விழுப்புண். முகத்திலும் மார்பிலும் பட்ட புண் புகழ், முதுகில் பட்டது இழிவு. புறப்பாடல்களில் மகனின் மார்புப் புண்ணைக் கண்டு மகிழும் தாய் வருவாள். பெண்ணின் மேனியில் பட்ட புண்ணுக்கு அப்படி ஒரு சொல்லை எங்கள் மரபு உண்டாக்கவில்லை. பெண்ணுடல் மாசுமறுவற்றதாக இருக்கவேண்டும் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே இலக்கணம். ஆயிரக்கணக்கான பெண்கள் ஆயுதம் ஏந்திக் காயப்பட்ட பின்பும், அதைவிட அதிகமான பெண்கள் ஆயுதம் ஏந்தாமலே ஷெல்லடியில் காயப்பட்ட பின்பும், அந்த இலக்கணம் திருத்தப்படவில்லை.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆணின் விழுப்புண்ணும் மேடையில்தான் புகழாக இருந்தது, கலியாணப் பேச்சில் அப்படி இருக்கவில்லை. போர்க்காலத்தில் கண்ணையோ காலையோ இழந்தவர்களை விரும்பி மணந்த பெண்கள் பலர் இருந்தார்கள். காயப்பட்ட பெண்ணை அப்படி மணந்த ஆண்கள் அவர்களைவிடக் குறைவு. போர் முடிந்தபின் இருவருக்குமே கதவு சுருங்கியது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஆணின் தாம்பத்திய வாழ்க்கை பற்றி அவருடனோ மனைவியுடனோ ஒளிவுமறைவின்றிப் பேச ஆளில்லை. பிள்ளை பெறலாமா, நெருக்கம் எப்படிச் சாத்தியம் என்ற கேள்விகளுக்கு மருத்துவத்தில் பதில்கள் உண்டு. கேட்க வெட்கம், சொல்ல வெட்கம்.

முன்னாள் பெண் போராளிகளின் உடல் இன்னொரு விதமாகத் திருத்தப்பட்டது. கட்டையாக வெட்டிய தலைமயிர் சோதனைச்சாவடியில் சந்தேகமாகவும் ஊரில் அவப்பெயராகவும் மாறியதால் பலர் முதலில் செய்தது மயிர் வளர்ப்பதுதான். புனர்வாழ்வில் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டவற்றில் தையலும் அழகுக்கலையும் முக்கியமானவை. 2010 ஜூனில் வவுனியாவில் 53 சோடி முன்னாள் போராளிகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடத்தப்பட்டபோது கூறைச்சேலையில் நின்ற மணப்பெண்களின் படங்கள் உலகமெங்கும் போயின. அந்தத் திருமணங்களில் உண்மையான அன்பு இருந்திருக்கும். ஆனால் ஒரு பெண் 'வழமைக்குத் திரும்பினாள்' என்பதற்கு அரசும் சமூகமும் ஒரே சான்றை ஏற்றன: அவளுடைய தோற்றம். வாகனம் ஓட்டவும் கட்டடம் கட்டவும் ஆட்களை வழிநடத்தவும் தெரிந்த உடல் அது என்பதை எவரும் ஒரு தகுதியாகக் கணக்கெடுக்கவில்லை.

கணவனை இழந்த பெண்களின் நிலைமையில் பண்பாடு இன்னும் வெளிப்படையாகச் செயற்படுகிறது. வடக்கு கிழக்கில் போரால் கணவரை இழந்தவர்கள் 89 ஆயிரம் பேர் என்று 2010 இல் அரசு தரப்பில் சொல்லப்பட்டது. பொட்டை அழி, பூவை எடு, நிறச்சேலையை விடு என்ற கட்டளைகளின் நோக்கம் அவளை எவரும் விரும்பாதபடி செய்வது. மனைவியை இழந்த ஆணுக்கு ஆறு மாதத்தில் "பிள்ளையளைப் பார்க்க ஆள் வேணும்" என்று பெண் பார்ப்பார்கள். பெண் திரும்ப மணம்புரிந்தால் பிள்ளைகளை மறந்தவள் என்பார்கள். ஆசை உடலில் தானாக எழுவது என்றால் அதை அடக்க இத்தனை சடங்கு எதற்கு?

திருப்பிப் படிக்கலாம்

எவரையும் விரும்பும்படி எவரையும் கட்டளையிட முடியாது. இரக்கத்துக்காகச் செய்யும் கலியாணம் இருவருக்கும் சுமை. காயப்பட்ட ஒரு பெண்ணை மணக்கும் ஆண் தியாகி என்று பாராட்டுவதும் அவளை அவமதிப்பதுதான். இரக்கம் வேறு, விருப்பம் வேறு என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் படித்தது எதையும் திருப்பிப் படிக்கலாம். சீதனமே அதற்கு உதாரணம். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிந்த தேசவழமையிலேயே சீதனம் பெண்ணின் சொத்தாக இருந்தது. பிறகு 'டொனேசன்' என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் காசும் சேர்ந்தது. மரபு என்று நாம் நினைப்பது காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. இம்முறை எந்தத் திசையில் மாறவேண்டும் என்பதை நாமும் தீர்மானிக்கலாம்.

தொடங்கவேண்டிய இடங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. விளம்பரம் எழுதும்போது நிறம் என்ற சொல்லை விட்டுவிடலாம். தரகர் நிறத்தைக் கேட்டால் பதில் சொல்லாமல் விடலாம். பிள்ளையைக் 'கறுவல்', 'கறுப்பி' என்று செல்லமாகக்கூடக் கூப்பிடுவதை நிறுத்தலாம். மகளைப் பார்க்க வருபவரிடம் நாட்டைக் கேட்பதோடு, அவளுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்று அவளிடமும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. மணம்புரிந்து குடும்பம் அமைக்கும் உரிமை அதில் தெளிவாக இருக்கிறது. சாய்தளம் கட்டுவதோடு நின்றுவிடாமல், தம்பதியருக்கான ஆலோசனையையும் வைத்தியசாலைகளில் கேட்டுப் பெறவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஜெய்ப்பூர் செயற்கைக் கால்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1960களின் இறுதியில் உருவாக்கப்பட்ட அந்தக் காலுக்கு ஒரு சிறப்பு உண்டு. சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு நடக்கவும், குந்தியிருக்கவும், சேறுள்ள வயலில் இறங்கவும் ஏற்றமாதிரி அதைச் செய்தார்கள். இங்குள்ள வாழ்க்கை முறையை அறிந்த கைவினைஞரும் மருத்துவரும் மேற்கத்தையக் காலை எங்கள் நிலத்துக்குத் தக்கதாக மாற்றினார்கள். அந்தக் காலுடன் ஒரு பெண் கோயில் வீதியைச் சுற்றி வரலாம், அடுப்படியில் குந்தலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அவள் நடந்து வரும்போது நாம் முதலில் பார்ப்பது அவளுடைய முகத்தையா காலையா என்பதை அடுத்த கலியாண வீட்டில் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். உங்களுடைய பிள்ளையும் பக்கத்தில் நின்று, நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.